கப்பல் வந்த கரை – 17: கேத்தியில் களை மூடிய சீனச் செடி

புதுச்சேரி முத்தியால்பேட்டைத் தறிகளில் நெய்த துணி மேற்கே போன கதையைச் சென்ற அத்தியாயத்தோடு முடித்தோம். நீலம் தோய்த்த கினித் துணி செனகல் ஆற்றங்கரைவரை போய், அங்கே வேலம்பிசினுக்கு விலையானது. இனி கிழக்கே திரும்ப வேண்டும். அந்தத் திசையில் போன கப்பல்கள் தேடிய சரக்குகளில் பட்டும் பீங்கானும் எல்லோருக்கும் நினைவிருக்கின்றன. மூன்றாவது சரக்கை மறந்துவிட்டோம். அது சீனத்துத் தேயிலை. அதிலும் ஐரோப்பியர் நல்ல விலை கொடுத்து வாங்கிய பச்சைத் தேயிலை.

இன்று முத்தியால்பேட்டையில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் டீ கிடைக்கும். 18ஆம் நூற்றாண்டில் கோட்டைக்கு வடக்கே இதே பேட்டையில் தறி போட்டவர்கள் நீராகாரமும் கூழும் குடித்து வேலைக்கு உட்கார்ந்தவர்கள். தேயிலை அவர்கள் வீட்டுப் பொருளே அல்ல. ஆனாலும் சீனத்தின் காண்டன் துறைமுகத்தில் தேயிலை வாங்கக் கொட்டிய வெள்ளியில் சோழமண்டலக் கரை நெசவாளரின் உழைப்பு கலந்திருந்தது. அது எப்படிக் கலந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஐரோப்பியச் சரக்கு எதையும் சீன வணிகர் பெரிதாக மதிக்கவில்லை. தேயிலை வேண்டுமா, வெள்ளியை எடு என்றார்கள். வெள்ளி விளைந்தது அமெரிக்கச் சுரங்கங்களில். அகாபுல்கோவிலிருந்து ஸ்பானியப் பெருங்கப்பல் அதை ஏற்றிக்கொண்டு பசிபிக் கடலைக் கடந்து மணிலாவுக்கு வரும். மணிலாவில் நம் கரைத் துணிக்கு நல்ல கிராக்கி. ஆனால் பிற ஐரோப்பியக் கப்பல்களை அங்கே ஸ்பானியர் அனுமதிப்பதில்லை. ஆகவே புதுச்சேரிக்காரர்களும் சென்னைக்காரர்களும் ஆர்மீனிய வணிகர் பெயரிலும் முஸ்லிம் வணிகர் பெயரிலும் கப்பல் அனுப்பினார்கள். துணி போகும், வெள்ளி திரும்பும். 1736 முதல் 1761 வரை புதுச்சேரித் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் மணிலாக் கப்பலும் சீனக் கப்பலும் சாதாரணச் செய்திபோல வந்து போகின்றன. துறைமுகத்தில் நின்று பார்த்த மனிதருக்கு அது அன்றாடக் காட்சி.

பிரெஞ்சுக்காரர் சீனத்துக்கு நேராக அனுப்பிய முதல் வணிகக் கப்பல் ஆம்ஃபித்ரீத். 1698இல் புறப்பட்டு அதே ஆண்டு இறுதியில் காண்டன் போய்ச் சேர்ந்தது. 1728இல் காண்டனில் அவர்களுக்கென்று ஒரு பண்டகசாலை அமைந்தது. அங்கே ஏற்றிய தேயிலை பிரான்சின் லோரியான் துறைமுகத்தில் ஏலம் போனது. பிரான்சில் தேயிலை குடித்தவர் குறைவு. பெரும்பகுதி படகேறி இங்கிலாந்துக் கடற்கரையில் திருட்டுத்தனமாக இறங்கியது. இங்கிலாந்து தேயிலைக்கு விதித்த வரி ஒரு கட்டத்தில் நூற்றுக்கு 119 வரை போயிருந்தது. கள்ளக்கடத்தலுக்கு அதைவிடப் பெரிய தூண்டுதல் வேண்டியதில்லை. 1784இல் அந்த வரியை ஒரேயடியாக 12.5 விழுக்காட்டுக்கு இறக்கினார்கள். கள்ளச்சந்தை வற்றியது. அதோடு பிரெஞ்சுத் தேயிலை வணிகமும் படுத்துவிட்டது.

இப்போது அந்தப் பச்சைத் தேயிலை பிறந்த மலைக்குப் போவோம். இந்த அத்தியாயத்தில் நான் சற்று நின்று சொல்ல விரும்பும் இடம் அது.

சீனத்தின் அன்ஹுய் மாகாணத்துத் தெற்கில், பழைய ஹுய்சோ வட்டாரத்தில், ஷியுநிங் ஊருக்கு அருகே சோங்லுவோ என்றொரு மலை இருக்கிறது. பெரிய மலை அல்ல. சுற்றிலும் மேடும் பள்ளமும். நெல் விளைய இடம் குறைவு. அதனாலேயே ஹுய்சோ ஆண்கள் இளம் வயதிலேயே ஊரைவிட்டு வியாபாரத்துக்குப் போனார்கள். சீனம் முழுவதும் பேர்பெற்ற வணிகக் கூட்டமானார்கள். வயலுக்கு ஆகாத சரிவுகளில் தேயிலை செழித்தது.

லூ யூ என்பவர் தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதிய 8ஆம் நூற்றாண்டில் இலையை ஆவியில் வேகவைத்து, இடித்து, வில்லையாகத் தட்டி, நெருப்பில் காயவைப்பார்கள். குடிக்கும்போது வில்லையைப் பொடித்துக் கொதிக்கவிடுவார்கள். அரண்மனைக்குக் காணிக்கையாகப் போன வில்லைகளைச் செய்ய மலைக் குடியானவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மிங் வம்சத்து முதல் பேரரசர் ஹோங்வூ ஏழைக் குடியில் பிறந்தவர். 1391இல் அவர் வில்லைக் காணிக்கையை நிறுத்தி, உதிரி இலையாகக் கொடுத்தால் போதும் என்று உத்தரவிட்டார். சீனம் உதிரி இலைக்கு மாறிய கதையில் அந்த உத்தரவுக்குப் பெரிய பங்கு உண்டு.

உதிரி இலை பச்சையாக நிற்க வேண்டுமென்றால் ஒரு காரியம் செய்தாக வேண்டும். பறித்த தேயிலையைச் சும்மா போட்டுவைத்தாலோ கசக்கினாலோ கொஞ்ச நேரத்தில் பழுப்பேறும். இலைக்குள் இருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது. அதை முழுக்க விட்டுவிட்டால் கறுப்புத் தேயிலை. பறித்த கையோடு சூடு காட்டி நொதியைக் கொன்றுவிட்டால் பச்சைத் தேயிலை. ஜப்பானியர் இதற்கு இன்றும் ஆவியைத்தான் பெரிதும் நம்புகிறார்கள். சீனர் இரும்புச் சட்டிக்கு மாறினார்கள். அடுப்பில் பழுக்கக் காய்ந்த சட்டியில் இலையைக் கொட்டி, வெறுங்கையால் புரட்டிப் புரட்டி வாட்டுவது. சில நிமிட வேலைதான். கை ஒரு நொடி தயங்கினால் இலை கருகும், சூடு ஒரு மாற்றுக் குறைந்தால் சிவக்கும். பிறகு உருட்டி, மறுபடி மெல்லிய சூட்டில் உலர்த்த வேண்டும்.

சோங்லுவோவுக்கு இந்தக் கலை வந்தது 16ஆம் நூற்றாண்டில். தாஃபாங் என்ற பௌத்தத் துறவி சூசோ நகரத்துப் புலிக்குன்றில் கற்ற வாட்டல் முறையை இந்த மலைக்குக் கொண்டுவந்தார் என்று மிங் கால எழுத்துகள் சொல்கின்றன. அவர் செய்த இலையின் மணம் பரவ, வாங்க வந்தவர் கூட்டம் பெருகிற்று. சுற்றுவட்டார மலைகளில் விளைந்ததும் சோங்லுவோ என்ற பெயரிலேயே விற்றது. ஹுய்சோ வணிகர்கள் சும்மா இருப்பார்களா? அருகிலுள்ள துன்ஷி என்ற ஆற்றங்கரைச் சந்தையில் இலையைத் திரட்டி, தரம் பிரித்து, பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். ஆற்றில் படகு, கணவாயில் சுமைகூலி, மறுபடி படகு என்று வாரக்கணக்கில் பயணம் செய்து அது தெற்கே காண்டனை அடைந்தது. 1757க்குப் பிறகு மேலைநாட்டுக் கடல் வணிகத்துக்கு அந்த ஒரு துறைமுகம்தான் திறந்திருந்தது.

ஐரோப்பியர் நாக்கில் சோங்லுவோ சிங்லோ ஆனது. துன்ஷி துவாங்கே ஆனது. இளவேனிற் பருவத்து நல்ல இலை ஹைசன் என்ற பெயரில் இன்னும் கூடுதல் விலைக்குப் போயிற்று. கிழக்கே செஜியாங்கின் பிங்ஷுய் பக்கத்தில் சிறு உருண்டைகளாகச் சுருட்டிய தேயிலையை கன்பவுடர் என்றார்கள். 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய 340 பெட்டிகளில் 60 பெட்டி சிங்லோ, 15 பெட்டி ஹைசன். அமெரிக்க விடுதலைக் கதையின் அந்தப் புகழ்பெற்ற இரவில் இந்த மலைவட்டாரத்துப் பச்சைத் தேயிலையும் உப்புத்தண்ணீரில் கரைந்திருக்கிறது.

நம் கரைக்குத் திரும்புவோம். 1761 ஜனவரி 12இல் ஆனந்தரங்கப் பிள்ளை இறந்தார். நான்கு நாளில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. கோட்டை தரைமட்டமானது. அதன்பின் ஊர் கை மாறி மாறி, 1816இல்தான் நிலையாகப் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. சாம்ராஜ்யக் கனவு போயிற்று. எஞ்சியவை துண்டுதுண்டான சில நிலப்பரப்புகள். இந்தக் கொஞ்ச நிலத்தில் என்ன விளைவிக்கலாம், என்ன நெய்யலாம் என்ற கேள்விதான் இனி ஆளுநர்களுக்கு. 1826இல் வந்த தெபசேன் தெ ரிஷ்மோன் அந்தக் கேள்வியை ஊக்கமாக எடுத்துக்கொண்டவர். நூற்பாலை, பள்ளி, இன்றும் நாம் நடக்கும் தாவரவியல் பூங்கா ஆகியவற்றின் தொடக்கம் அவர் காலத்தது. தறிக்கு நூல், சாயத்துக்கு அவுரி, பட்டுக்கு முசுக்கொட்டை என்று யோசித்த காலம். செடி அறிந்த ஆள் ஒருவர் தேவைப்பட்டார்.

அப்படி வந்தவர் சாமுவேல் பெரோத்தே. சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரான்சுக்கு உழைத்த தாவர அறிஞர். 1819இல் பிரெஞ்சுக் கப்பலேறிக் தென்கிழக்காசியத் தீவுகளைச் சுற்றியவர். பட்டுப்புழுவுக்கு உகந்த சீன முசுக்கொட்டை வகை ஒன்றை 1821இல் பிலிப்பைன்சிலிருந்து எடுத்துப் போய்ப் பிரான்சில் பரப்பியவரும் இவர்தான். பிறகு செனகலில் சில ஆண்டுகள். நம் நீலத் துணி எந்தக் கரையில் பிசினுக்கு மாறியதோ அதே கரையில் செடி சேகரித்திருக்கிறார். 1834இல் புதுச்சேரிக்கு வந்தார். பிற்பாடு அவுரிச் சாகுபடி பற்றி 1842இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் எழுதியதும் உழைத்ததும் நெசவுப் பேட்டைகளின் தேவையை ஒட்டியே நடந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே ஆண்டுகளில் ஆங்கிலேயருக்கு வேறொரு கவலை. சீன வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த தனியுரிமை 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் போய்விட்டது. இனித் தேயிலையை இந்தியாவிலேயே விளைவிக்க வேண்டும் என்று தலைமை ஆளுநர் பெண்டிங்க் 1834இல் தேயிலைக் குழு ஒன்றை அமைத்தார். அதன் செயலாளர் கோர்டன் சீனக் கடற்கரைக்குப் போய், ஃபூஜியான் மாகாணத்தின் மலைகளில் ஏற முயன்று, விதைகளைத் திரட்டிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தில் அவை முளைத்து, சுமார் 42,000 நாற்றாயின. அசாமுக்கு 20,000, இமயமலை அடிவாரத்துக்கு 20,000, மிச்சம் 2,000 சென்னை மாகாணத்துப் பங்கு. நீலகிரி, குடகு, மைசூர் என்று பிரித்தனுப்பினார்கள்.

தெற்கே வந்தவற்றில் பெரும்பாலானவை செத்தன. தேயிலைக்கு எந்த மண், எந்த நிழல், எவ்வளவு தண்ணீர் என்று அறிந்த ஆள் யாரும் கூட வரவில்லை. நீலகிரிக்கு வந்த பெட்டிகள் 1835இல் கேத்திப் பள்ளத்தாக்கில் இறங்கின. சென்னை ஆளுநர் லஷிங்டன் 1830இல் அங்கே தொடங்கியிருந்த அரசு மாதிரிப் பண்ணையில் நட்டார்கள். மறு ஆண்டே பண்ணையை மூடும்படி உத்தரவு வந்துவிட்டது. காவலில்லை, களையெடுப்பாரில்லை. செடிகளைப் புதர் மூடிற்று.

மூடிய பண்ணையின் வீட்டைக் குத்தகைக்கு எடுத்தவர் யார் தெரியுமா? புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் மார்க்கி தெ சேன் சிமோன். 1835 முதல் 1840 வரை ஆளுநராக இருந்தவர். கடற்கரை வெக்கைக்கு மலையேறும் வழக்கம் ஐரோப்பியரிடையே அப்போதுதான் பரவிவந்தது. ஆங்கிலேயர் கைவிட்ட வீடு இப்படியாகப் பிரெஞ்சு ஆளுநரின் மலைவாசத்துக்கு ஆயிற்று. நீலகிரித் தாவரங்களைச் சேகரிக்க வந்த பெரோத்தே அந்தத் தோட்டத்தில் நடந்தார். புதருக்குள் மூச்சுமுட்டிக் கிடந்த சீனச் செடிகளைக் கண்டுகொண்டார். களையை நீக்கி வெளிச்சம் காட்டச் செய்தார். செடிகள் நிமிர்ந்தன, துளிர்த்தன, பூத்துக் காய்த்தன. இந்த மலையில் தேயிலை நன்றாக வரும் என்று அவர் எழுத்தில் பதிவுசெய்தார்.

அவர் தேயிலையை நீலகிரிக்குக் கொண்டுவரவில்லை. நட்டவரும் அவரல்லர். அவருக்கு முன்பே, 1832 வாக்கில், கிறிஸ்டி என்ற ஆங்கிலேய மருத்துவர் குன்னூர்ப் பக்கம் தேயிலைக்கு இனமான செடி தழைப்பதைப் பார்த்துச் சீனத்திலிருந்து செடி தருவிக்க ஏற்பாடு செய்தார். அவை வந்து சேருமுன் இறந்துபோனார். ஆக, தொடக்கத்தின் பெருமை பலருக்குரியது. ஆனால் அரசாங்கமே தோல்வி என்று கைகழுவிய ஒரு முயற்சியை, தனக்குச் சம்பந்தமில்லாத நாட்டு எல்லைக்குள், ஒரு புதுச்சேரித் தோட்டக்கலைஞர் குனிந்து பார்த்து மீட்டார். நீலகிரித் தேயிலை வரலாற்றில் அவருக்கு ஒரு வரி கிடைக்கிறது. புதுச்சேரி வரலாற்றில் அதுவும் அரிது. இந்தக் கணக்கை நேர்செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன்.

இதில் இன்னொரு செய்தியும் என்னை வியக்கவைக்கிறது. செனகல் தாவரங்கள் பற்றிப் பெரோத்தேயோடு சேர்ந்து நூல் எழுதியவர் கிய்யேமேன் என்ற பிரெஞ்சு அறிஞர். 1838இல் பிரெஞ்சு அரசு அவரைப் பிரேசிலுக்கு அனுப்பியது. எதற்கு? ரியோ தி ஜெனிரோவில் சீனத் தொழிலாளரைக் கொண்டு வளர்த்த தேயிலையைப் படித்து, செடிகளோடு திரும்புவதற்கு. ஒரே நூலின் ஆசிரியர்களில் இருவர், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒருவர் கேத்தியிலும் ஒருவர் ரியோவிலும் சீனச் செடியின் முன்னால் நின்றிருக்கிறார்கள். தேயிலைக்கு அலைந்தது இங்கிலாந்து மட்டுமல்ல.

சரி, கேத்தியில் பிழைத்தது எந்தத் தேயிலை? கறுப்பா, பச்சையா? அன்றைய ஐரோப்பியர் இந்தக் கேள்வியைத் தாவரவியல் கேள்வியாகவே கேட்டிருப்பார்கள். தாவர அறிஞர் லின்னேயஸ் 1762இல் இரண்டு இனங்களாகப் பிரித்து எழுதியதால், பச்சைத் தேயிலை ஒரு செடியிலும் கறுப்புத் தேயிலை வேறொரு செடியிலும் விளைவதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். கோர்டனின் விதை கறுப்புத் தேயிலைக்குப் பேர்போன ஃபூஜியானைச் சேர்ந்தது. அந்தக் கணக்கில் கேத்திச் செடி கறுப்பாகியிருக்க வேண்டும். உண்மையில் அது இரண்டும்தான். பறித்தபின் சட்டியில் வாட்டுகிறோமா, பழுக்க விடுகிறோமா என்பதில்தான் வேறுபாடு. சீனத்துக் குடியானவர் தலைமுறை தலைமுறையாக அறிந்த இந்தச் சங்கதியை ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1840களில் தோட்டம் தோட்டமாகப் பார்த்து, 1847இல் வெளியிட்ட நூலில் எழுதியபிறகே ஐரோப்பா மெல்ல ஏற்றுக்கொண்டது.

அதே ஃபார்ச்சூன் 1848இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தலையை மழித்து, சடை தொங்கவிட்டு, வெளிநாட்டார் நுழையக்கூடாத ஹுய்சோவுக்குள் போனார். அவர் தேடிப் போனது சோங்லுவோ மலையை. அங்கிருந்தும் ஃபூஜியானிலிருந்தும் திரட்டிய செடிகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்தார். 12,000க்கு மேற்பட்ட செடிகள் இமயமலைத் தோட்டங்களுக்குச் சேர்ந்தன. சீனத் தேயிலைக் கைவினைஞர்களும் உடன் வந்தார்கள். பிறர் நாட்டுச் செல்வத்தை மாறுவேடத்தில் கவர்ந்ததை வீரச்செயலாக எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நூற்றாண்டுகளாகச் சட்டிமுன் நின்று கை சுட்டுக்கொண்டவர்களின் அறிவு அது.

ஃபார்ச்சூன் கண்ட மற்றொன்றும் இங்கே சொல்லத்தக்கது. ஏற்றுமதிக்கான பச்சைத் தேயிலையில் பிரஷ்ய நீலம் என்ற சாயத்தையும் ஜிப்சத்தையும் பொடித்துக் கலந்தார்கள். வேலையாட்களின் கை நீலமாக இருந்தது. மேலைநாட்டார் பளிச்சென்ற நிறம் கேட்டதால்தான் இந்தப் பூச்சு; சீனர் தாங்கள் குடிக்கும் இலையில் அதைச் சேர்க்கவில்லை. நூறு பவுண்டு தேயிலையில் அரைப் பவுண்டுக்கு மேல் இந்தக் கலவை இருக்கும் என்று ஃபார்ச்சூன் கணக்கிட்டார். செய்தி பரவப் பரவ இங்கிலாந்தில் பச்சைத் தேயிலை மேல் சந்தேகம் விழுந்தது. பிறகு அசாமின் கறுப்புத் தேயிலை வந்து குவியவும், பிரிட்டிஷ் சந்தையில் பச்சை பின்வாங்கியது.

நீலகிரி வளர்ந்தது இந்தக் காற்று மாறிய நேரத்தில். 1850களில் குன்னூரில் மான் என்ற தோட்டக்காரர் சீனத்தின் நல்ல தேயிலை வட்டாரங்களிலிருந்து விதை தருவித்துப் பயிரிட்டார். 1859 வாக்கில் குன்னூர்த் தோட்டமும் தாய்சோலைத் தோட்டமும் வணிக அளவில் நிலைபெற்றன. சந்தை கேட்டது கறுப்பை. மலை கொடுத்ததும் கறுப்பையே. சீனச் செடி இலை சிறுத்தது, மெல்ல வளர்வது, டிசம்பர் உறைபனியைத் தாங்குவது. அசாம் செடி பெரிய இலையும் மிகுந்த விளைச்சலும் உடையது. இரண்டும் கலந்த வாரிசுகள்தான் இன்று நீலகிரிச் சரிவுகளில் பரவலாக நிற்பவை. கோரகுந்தா போன்ற உயர்ந்த இடத்துத் தோட்டங்களில் இப்போது கிரீன் டீயும் செய்கிறார்கள்.

பெரோத்தே 1843இல் மீண்டும் புதுச்சேரி வந்து, தாவரவியல் பூங்காவோடு தன் வாழ்நாளைப் பிணைத்துக்கொண்டார். 1870இல் இந்த ஊரிலேயே இறந்தார். அதற்குள் நீலகிரித் தேயிலை லண்டன் சந்தையை எட்டியிருந்தது.

செடி பிழைத்துவிட்டது, தோட்டமும் எழுந்துவிட்டது. இலையைப் பக்குவம் செய்யும் கைகள் எங்கிருந்து வந்தன? நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவிலுள்ள மலைச்சரிவில், சீனத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பால் விற்று வாழ்ந்த குடும்பங்களைச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். மலாய்க் கரையின் பிரிட்டிஷ் குடியேற்றங்களிலிருந்து நாடுகடத்தப்பட்டு நம் சிறைகளுக்கு வந்த சீனக் கைதிகள் அந்தக் குடும்பங்களின் மூதாதையர். நீலகிரித் தேயிலையில் அவர்களுக்கு இருந்த பங்கு பற்றி மலையில் பல கதைகள் வழங்குகின்றன. எது ஆவணம், எது வாய்மொழி என்று பிரித்துப் பார்க்க ஒரு முழு அத்தியாயம் வேண்டும். அடுத்த வாரம் நடுவட்டத்துக்குப் போவோம்.